அடுத்த வீட்டில் கேட்டறிந்த தமிழ்

அல்சூர் ஏரிக்கு அருகே நிற்கும் திருவள்ளுவர் சிலையைக் காணாத பெங்களூர்த் தமிழர் இரார். 1991-ஆம் ஆண்டு முதல் 18 ஆண்டுகள் திரைக்குள்ளேயே இருந்த அச்சிலை, 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 9-ஆம் நாள் திறக்கப்பெற்றது. நான்கு நாட்கள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பெற்றது. ஒரு நாட்டுப் புலவர் மற்றொரு நாட்டில் விருந்தினராய் நிற்கும் அக்காட்சி, இம்மலரில் நாம் எழுதப் புகும் பொருளுக்கு நல்ல முகப்பாக அமைகின்றது.

வள்ளுவர் தம் நூலில் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். ஆங்குக் கேள்வி என்பது அறிஞர் வாய்ச் சொல்லைச் செவிகொடுத்துக் கேட்டல். நாம் இன்று வழங்கும் கேள்வியோ வினாவுதல். தமிழில் 'கேள்' என்னும் ஒரு வினைச்சொல்லே செவியால் ஏற்றலையும் வாயால் வினவுதலையும் குறிக்கும். கன்னடத்தில் 'கேளு' என்னும் சொல்லும் அவ்விரண்டு பொருளையும் அவ்வாறே குறிக்கும். வினவுவோன் செவி சாய்க்கவும் வேண்டும் என்று இவ்விரு மொழியாரின் முன்னோரும் கருதினர் போலும்.

தமிழைப் பற்றியும் அதன் உறவு மொழிகளைப் பற்றியும் இன்று நாம் அறிந்துள்ளவற்றுள் பெரும்பகுதி, தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்பி, தெரிந்தவரிடம் சென்று வினவிய அறிஞர்களால் கிடைத்ததாகும். அவ்வரலாற்றின் சில ஏடுகள் நாம் வாழும் இந்நகரிலேயே எழுதப்பட்டன என்பதைப் பலர் அறியார். அவற்றை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நமக்குப் பயன் தரும்.

உடன் கற்போர் பங்கு

ஒருவன் கற்கும் முறையை வகுத்துக் கூறும் நன்னூல், ஆசிரியர் சொல்வதை நன்கு கேட்டுக் கொண்டாலும் கிடைப்பது காற்பங்கே என்று கணக்கிடுகின்றது. தன்னோடு ஒத்த மாணவருடன் பழகிப் பயில்வதால் மற்றொரு காற்பங்கு கிடைக்கும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் வரும். ஆசிரியருக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவே உடன் பயில்வோர்க்கும் என்று ஓர் இலக்கண ஆசிரியரே எழுதி வைத்தது எண்ணத்தக்கது.

அந்நூலை இயற்றிய பவணந்தி முனிவர் சமணர். அவரை ஆதரித்து நூல் செய்வித்தவன் சீயகங்கன் என்னும் சிற்றரசன். மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில் வாழ்ந்த அவன் கங்கர் குலத்தவன்; குவளாலபுரத்துத் தலைவன் என்னும் பட்டம் பூண்டவன். குவளாலபுரமாவது நம் அண்டையிலுள்ள கோலாரே. கன்னட நாட்டின் தென்பகுதியைப் பல நூற்றாண்டுகள் ஆண்ட ஒரு குலத்தின் வழித்தோன்றல் விரும்பிக் கேட்டதனால், தமிழ் மாணவர் எண்ணூறு ஆண்டுகளாகக் கற்றுவரும் இலக்கணம் பிறந்தது. வரலாறு நமக்குத் தரும் முதற் செய்தி இதுவாகும்.

எல்லிஸ் துரையின் வினா

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்திய மொழிகள் யாவும் வடமொழியினின்று பிறந்தனவே என்று ஐரோப்பியப் புலவர் பலர் நம்பியிருந்தனர். தெலுங்கும் அவ்வாறே பிறந்தது என்று நூல்களில் எழுதினர். சென்னையில் கலெக்டராயிருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ் துரைக்கு அவ்வுரையில் ஐயம் தோன்றியது. 1812-ஆம் ஆண்டில் சென்னைக் கோட்டைக் கல்லூரியை நிறுவுவதில் முன்னின்றவர் அவர். கும்பினி உத்தியோகத்துக்கு வந்த இளைஞர்க்குத் தென்னாட்டு மொழிகளைக் கற்பிப்பது அக்கல்லூரியின் நோக்கம். ஆகவே அம்மொழிகளின் பிறப்பு அவருக்கு ஏட்டளவில் நின்ற ஆராய்ச்சி அன்று. கற்பிக்கும் முறையே அதனைப் பொறுத்திருந்தது.

எல்லிஸ் தம் ஐயத்தை உள்ளூர்ப் புலவரிடம் கொண்டு சென்றார். கல்லூரியில் வடமொழிக்கும் தெலுங்குக்கும் தலைமையாசிரியராயிருந்த பட்டாபிராம சாஸ்திரியார் தெலுங்கு வினையடிகளைத் தொகுத்து உதவினார். மசூலிப்பட்டினத்து மாமடி வெங்கய்யா செய்த தெலுங்கு அகராதியும் துணைபுரிந்தது. வெங்கய்யா வணிகர் குலத்தவர். அவ்வாறு கிடைத்த வினையடிகளைத் தமிழ், கன்னடம் ஆகியவற்றின் வினையடிகளோடு எல்லிஸ் வரிசைப்படுத்தி ஒப்பிட்டார். மூன்றும் ஒரே குடும்பத்தின என்றும், வடமொழியிலிருந்து அவை சொற்களைக் கடன் கொண்டனவேயன்றி அதனின்று பிறந்தன அல்ல என்றும் காட்டினார். 1816-ஆம் ஆண்டில் காம்பெல் என்பார் வெளியிட்ட தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரைக்குக் குறிப்பாக அக்கட்டுரை வெளிவந்தது.

எல்லிஸ் 1819-ஆம் ஆண்டில் இராமநாதபுரத்தில் காலமானார். அவர் எண்ணியிருந்த நூல்கள் பல நிறைவேறவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்றபின் 1856-இல் கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் வெளிவந்து திராவிட மொழிக் குடும்பம் என்னும் பெயரை உலகறியச் செய்தது. ஆயினும் 1816-இல் அடிக்கல் நாட்டப்பட்டபோது ஆங்கில அதிகாரியும், தெலுங்குப் பண்டிதரும், அகராதி செய்த வணிகரும் அவ்விடத்தில் உடனிருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

கும்பகோணத்தில் ஒரு தமிழ்ப் பண்டிதர்

வெள்ளையர் வினவியது வியப்பன்று. மொழி அவர்க்குப் புதிது. தமிழிலேயே ஊறிய புலவர் ஒருவர் தம் தெருவிலிருந்தவரிடம் சென்று தமிழ் கேட்ட வரலாறு அதனினும் பெரிது. அதனை அன்பர்கள் அறிவர். எனினும் ஈண்டு நினைவுகூர்தல் பொருந்தும்.

1880-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21-ஆம் நாள், கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியரான உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முனிசீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் ஆகியவற்றின் பெயர்களை அடுக்கினார். முதலியார் மனம் நிறைவுறவில்லை. சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல ஆண்டுகள் பாடங்கேட்ட ஐயரிடம் அதற்கு விடை இல்லை.

சிந்தாமணிச் சுவடி கைக்கு வந்தபின்னும் அது எளிதில் வழிவிடவில்லை. சைவ நூல்களில் பழகிய ஐயருக்குச் சமண சமயச் சொற்களும் கருத்துகளும் விளங்கவில்லை. அப்போது கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடினார். அவ்வில்லங்களில் சிந்தாமணி சமய நூலாகப் போற்றி ஓதப்பெற்று வந்தது. புலவர் உலகம் மறந்திருந்த காவியம், நாலு தெரு தள்ளி நாள்தோறும் வாழ்ந்து கொண்டிருந்தது. சந்திரநாத செட்டியார் முதலிய சமண அன்பர்கள் அவருடைய ஐயங்களைத் தீர்த்தனர். 1887-ஆம் ஆண்டில் சிந்தாமணி அச்சேறியது.

மணிமேகலைக்கும் இவ்வாறே நேர்ந்தது. அதற்குப் பௌத்த சமய அறிவு வேண்டியிருந்தது. தமிழகத்திலோ வினவுதற்குப் பௌத்தர் இல்லை. ஐயருடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியார் ஆங்கில நூல்களைப் பயின்று பௌத்தக் கொள்கைகளை அவருக்கு எடுத்துரைத்தார். அவர் பெயரின் முன் நிற்கும் மளூர் கன்னட நாட்டார்க்குப் பழகிய ஊர்ப்பெயர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும். அவரே பின்னர்க் கன்னட நாட்டுச் சமணரான மகாவீராசாரியரின் கணித நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1912-இல் வெளியிட்டார். 1898-இல் வெளிவந்த மணிமேகலைப் பதிப்பு, உடன் பணியாற்றுவோரிடம் கேட்டறிதலின் கனி எனலாம்.

பெங்களூரில் பேசிய கற்கள்

இனி நம் நகருக்கு வருவோம். ஏடுகளைத் தேடிக் கும்பகோணத்தில் ஐயர் அலைந்த அதே ஆண்டுகளில், கற்களைப் படிக்கும் பணி பெங்களூரில் தொடங்கியது. தென்னாட்டுக் கல்வெட்டுகளை முறையாக ஆராய 1886-ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் அமைத்த அலுவலகம் முதலில் இயங்கியது இந்நகரிலேயாகும். அது 1903-இல் உதகைக்கும், 1966-இல் மைசூருக்கும் மாறிற்று. தமிழ்க் கல்வெட்டுப் படிகள் எவ்வாறு மைசூருக்குச் சென்றன என்று வினவும் அன்பர்க்கு விடை இந்த இடமாற்றங்களில் உள்ளது.

அவ்வலுவலகத்தின் முதல் தலைவர் ஜெர்மானியரான ஹுல்ச். அவர் வடமொழியில் வல்லவர். ஆனால் அவர் முன் குவிந்த கல்வெட்டுகளிற் பெரும்பாலன தமிழ். கோயிற் சுவர்களில் புள்ளியின்றி, சொற்பிரிப்பின்றி, நிலம், வரி, நெல், நெய் எனக் கணக்கு நிறைந்து ஓடும் அத்தமிழை அகராதியின் துணை மட்டும் கொண்டு படித்தல் அரிது. அவருக்குத் துணையாக வந்தவர் ஆரணிப் பக்கத்து வளையாத்தூரைச் சேர்ந்த வெங்கையா என்னும் இளைஞர். எழுத்தாராய்ச்சி முறையை ஹுல்ச்சிடம் வெங்கையா கற்றார். தமிழ் வழக்கை வெங்கையாவிடம் ஹுல்ச் கேட்டறிந்தார். ஆசிரியர் யார், மாணவர் யார் என்று பிரித்துச் சொல்லவியலாத கூட்டுறவு அது.

மாமல்லபுரம், காஞ்சிபுரம், வட ஆர்க்காடு முதலிய இடங்களின் சாசனங்களைக் கொண்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதற் தொகுதி 1890-இல் வெளிவந்தது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன் கரிகாலன் என்றும் காடுவெட்டிச் சோழன் என்றும் மக்கள் பலவாறு பேசிவந்த காலத்தில், அதனை எடுப்பித்தவன் முதலாம் இராசராசனே என்பதைச் சுவரிலுள்ள எழுத்துகளைக் கொண்டே ஹுல்ச் நிலைநாட்டினார். வெங்கையா 1908-இல் அரசாங்கக் கல்வெட்டு ஆய்வாளர் பதவிக்கு உயர்ந்து, 1912-இல் காலமானார்.

அதே காலத்தில் மைசூர் நாட்டுக் கல்வெட்டுகளைத் தொகுத்தவர் லூயிஸ் ரைஸ். அவர் 1837-இல் பெங்களூரிலேயே பிறந்தவர். கல்வித்துறையில் பணியாற்றி ஊரூராகச் சென்றபோது கற்களில் அவர் உள்ளம் சென்றது. ஏறத்தாழ 9,000 கல்வெட்டுகளைப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றுள் பெங்களூர், கோலார்ப் பகுதிகளின் தொகுதிகளில் தமிழ்க் கல்வெட்டுகள் நிறைந்துள்ளன. நம்மில் பலர் நாள்தோறும் கடந்து செல்லும் தொம்மலூரில் உள்ள சொக்கநாதர் கோயிற் கல்வெட்டுகள் அவ்வூரைத் தொம்பலூரான தேசிமாணிக்கப் பட்டணம் என்று தமிழிலே குறிக்கின்றன. பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள நடுகல்லோ, கி.பி. 890 அளவில் பெங்களூரில் நடந்த போரைப் பழங்கன்னடத்தில் கூறுகின்றது. பிற்கால மன்னன் ஒருவன் இவ்விடத்தில் வெந்த பயறு உண்டதனால் 'பெந்த காளு ஊரு' என்று பெயர் வந்தது என்னும் கதைக்கு அக்கல் மறுப்பாய் நிற்கின்றது. தொம்மலூரைப் படிக்கத் தமிழ் வேண்டும். பேகூரைப் படிக்கக் கன்னடம் வேண்டும். இந்நகரின் வரலாற்றை முழுதும் அறிய விரும்புவோன் ஒருமொழி அறிவோடு நின்றுவிட இயலாது.

இதற்குச் சிறந்த சான்று சிரவணபெளகொளத்தில் உள்ளது. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த கோமடேசுவரர் பேருருவத்தின் அடியில், அதனைச் செய்வித்தவன் சாவுண்டராயன் என்னும் செய்தி கன்னடத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. கன்னடம் 'மாடிசிதம்' என்கிறது. தமிழ் 'செய்வித்தான்' என்கிறது. தமிழ் வரி கிரந்தமும் வட்டெழுத்தும் கலந்தது. ரைஸ் முதலில் வெளியிட்டதை ஹுல்ச் மீண்டும் ஆராய்ந்தார். பின்னர் ஆர். நரசிம்மாசாரியார் அவ்வூர்க் கல்வெட்டுகளின் திருத்திய பதிப்பை 1923-இல் வெளியிட்டார். ஒருவர் படித்ததை மற்றவர் சரிபார்க்க, மூவர் கை பட்டு அவ்வரிகள் தெளிவுற்றன.

பாலும் ஹாலும்

கல்லைவிட்டுச் சொல்லுக்கு வருவோம். பெங்களூரில் வளரும் நம் சிறுவர், வீட்டில் பால் என்பது தெருவில் ஹாலு ஆவது ஏன் என்று வினவுவதுண்டு. பல்லை ஹல்லு என்றும், பாம்பை ஹாவு என்றும், புலியை ஹுலி என்றும், பத்தை ஹத்து என்றும் அடுத்த வீட்டுச் சிறுவன் சொல்கிறான். இது சிதைவன்று, ஓர் ஒழுங்கு. பழங்கன்னடத்தில் இச்சொற்களும் பகரத்திலேயே தொடங்கின. பத்தாம் நூற்றாண்டுக்குப் பின் படிப்படியாக அப்பகரம் ஹகரமாயிற்று. பலாவைக் குறித்த பலசு ஹலசு ஆயிற்று. அல்சூர் என்று நாம் வழங்கும் ஹலசூருவின் பெயர் அம்மரத்தால் வந்தது என்பர்.

ழகரத்தின் வரலாறு இன்னும் சுவையுடையது. மழையைக் கன்னடர் மளெ என்பர்; கோழியைக் கோளி என்பர்; ஏழை ஏளு என்பர்; பழைய என்பதை ஹளெய என்பர். பழங்கன்னடத்தில் ழகரத்துக்குத் தனி எழுத்தே இருந்தது. அது ளகரத்தோடு மயங்கத் தொடங்கவே, பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இலக்கண ஆசிரியர் கேசிராசர் தம் சப்தமணிதர்ப்பணத்தில் ழகரம் பெறும் சொற்களை வகுத்துக் காட்டினார். இன்று ஒரு கன்னடச் சொல்லில் உள்ள ளகரம் பழைய ழகரமா அன்றா என்று அறிய விரும்பும் கன்னட மாணவனுக்குத் தமிழ் உடனே விடை தரும். தமிழர் வாயில் அவ்வொலி இன்னும் நிலைபெற்றுள்ளதன்றோ?

தமிழ் மாணவனும் கன்னடத்திடம் கேட்க வேண்டிய இடம் உண்டு. நாம் செவி என்பதைக் கன்னடர் கிவி என்பர். நாம் செய் என்பது பழங்கன்னடத்தில் கெய். சிறு என்பது கிறு. சிவப்பு, செம்மை என்பவற்றுக்கு நேரானது கெம்பு. இந்நகரைக் கட்டிய கெம்பேகௌடர் பெயரில் நாள்தோறும் அச்சொல்லை நாமும் ஒலிக்கின்றோம். இவற்றுள் எது பழையது? சேரரைக் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகன் கல்வெட்டு ககரத்தோடு கேரளபுத்திரர் என்கிறது. நீலகிரியில் வாழும் கோத்தர் தம் மொழியில் செவியைக் 'கெவ்' என்கின்றனர். உலக மொழிகளிலும் இகர எகரங்களின் முன் ககரம் சகரமாய் மெலிதல் பெருவழக்கு. இலத்தீனத்துக் ககரம் இத்தாலியத்தில் அவ்வாறே மாறிற்று. சகரம் ககரமாய்த் திரும்புதல் அரிது. ஆகவே இச்சொற்களில் பழைய ஒலியைக் காத்தது கன்னடம், மாறியது தமிழ்.

இவ்விரண்டு சான்றுகளையும் அருகருகே வைத்துப் பார்க்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம். ழகரத்தைத் தமிழ் காத்தது, கன்னடம் இழந்தது. ககரத்தைக் கன்னடம் காத்தது, தமிழ் மாற்றியது. தமிழினின்று கன்னடம் பிறந்ததாயின், தாய் இழந்த ஒலி மகளுக்கு எங்கிருந்து வந்தது? கன்னடத்தினின்று தமிழ் பிறந்ததாயின், ழகரத்துக்கும் அவ்வினா எழும். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதே மொழிநூலார் கண்ட முடிவு. அத்தாய்மொழியின் பெயர் நமக்குக் கிட்டவில்லை. அறிஞர் அதனை மூலத் திராவிடம் என்பர். தமிழ் இலக்கியம் காலத்தால் முற்பட்டது. அப்பெருமைக்கு எவ்வாற்றானும் குறைவில்லை. ஆயினும் மூத்த பிள்ளை தாயாகிவிடாது. எது தாய், எது மகள் என்று மேடையில் எழும் பேச்சு, 2025-ஆம் ஆண்டிலும் இந்நகரில் மனக்கசப்பை விளைவித்ததைக் கண்டோம். அத்தகைய வேளைகளில் அல்லற்படுவோர் அண்டை அயலாக வாழும் எளிய மக்களே. மொழிநூல் கூறும் உண்மையை அறிந்து வைத்திருத்தல் நமக்குக் கல்வி மட்டுமன்று. ஊரில் ஒருங்கு வாழ்வதற்குரிய வழியுமாகும்.

அகராதிகள் கேட்ட கேள்வி

இவ்வுண்மைகளைத் தொகுத்தோரும் பலரைக் கேட்டே தொகுத்தனர். ஜெர்மானியப் பாதிரியார் கிட்டல், கேசிராசரின் இலக்கணத்தை 1872-இல் பதிப்பித்தார். 1894-இல் ஏறத்தாழ 70,000 சொற்களைக் கொண்ட கன்னட அகராதியை மங்களூரில் வெளியிட்டார். அதில் கன்னடச் சொற்களின் எதிரே தமிழ், தெலுங்கு, மலையாளச் சொற்களையும் காட்டினார். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியும் அம்முறையைக் கைக்கொண்டது. 1913-இல் தொடங்கிய அப்பணி, 1926 முதல் எஸ். வையாபுரிப் பிள்ளையின் பதிப்பாண்மையில் நடந்து, 1936-இல் ஆறு தொகுதிகளாக முற்றுப்பெற்றது. அதில் பல சொற்களின் அருகே அடைப்புக் குறிக்குள் கன்னட, தெலுங்கு, மலையாள, துளு வடிவங்கள் நிற்கக் காணலாம். தமிழ் அகராதியே அயல்வீட்டுக் கதவைத் தட்டிய அடையாளம் அது.

அடுத்த படி கடல் கடந்து நிகழ்ந்தது. ஆக்ஸ்போர்டில் வடமொழிப் பேராசிரியரான பரோ, அமெரிக்காவில் பெர்க்லியில் பேராசிரியரான எமனோ ஆகிய இருவரும் சேர்ந்து திராவிட வேர்ச்சொல் அகராதியைத் தொகுத்தனர். எமனோ 1935 முதல் 1938 வரை இந்நாட்டில் தங்கி, நீலகிரியில் தோடர், கோத்தர் ஆகியோரிடமும், குடகரிடமும் அம்மொழிகளைக் கேட்டு எழுதியவர். எழுத்தறியாத மலைவாணர் அப்பேராசிரியர்க்கு ஆசிரியராயினர். மேலே நாம் காட்டிய 'கெவ்' போன்ற சொற்கள் அவ்வாறு கேட்டு எழுதப்பட்டவை. பரோ நடு இந்தியக் காடுகளில் வழங்கிய மொழிகளை ஆராய்ந்தார். ஒரு கடலும் ஒரு கண்டமும் இடையிட்டிருந்த இருவர் ஒருவரை ஒருவர் கேட்டுத் தொகுத்த அவ்வகராதி 1961-இல் வெளிவந்தது. 1984-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 5,500-க்கும் மேற்பட்ட சொற்குடும்பங்கள் உள்ளன. நூலறிந்த தமிழும் நூலறியாத கோத்தர் மொழியும் அதில் ஒரே வரிசையில் சரிசமமாக அமர்ந்துள்ளன.

கற்பித்தற்கும் இத்தகைய கூட்டுறவு வேண்டும் என்பதை அரசும் உணர்ந்தது. 1969-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17-ஆம் நாள் மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தோன்றிற்று. 1970 முதல் அதன் தென்மண்டல மையத்தில், பிற மாநிலப் பள்ளி ஆசிரியர்கள் வந்து பத்துத் திங்கள் தங்கித் தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றுள் ஒன்றைக் கற்றனர். தம் ஊரில் ஆசிரியராய் இருந்தவர் மைசூரில் மீண்டும் அகரம் எழுதும் மாணவராயினர். செம்மொழித் தமிழாய்வுக்குரிய உயர் மையமும் 2006-இல் அந்நிறுவனத்திலேயே தொடங்கி, 2008-இல் சென்னைக்குச் சென்றது. செம்மொழித் தமிழுக்கென நடுவண் அரசு அமைத்த நிறுவனம் கன்னட மண்ணில் நடை பயின்றது என்பதில் பெங்களூர்த் தமிழர்க்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

நம் கடமை

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? பட்டாபிராம சாஸ்திரியாரை எல்லிஸ் கேட்டார். சமண அன்பர்களை ஐயர் கேட்டார். வெங்கையாவை ஹுல்ச் கேட்டார். கோத்தரை எமனோ கேட்டார். இவர்களுள் எவரும் கேட்டதனால் சிறுமையுற்றாரிலர். கேட்கப்பட்டவரும் தம் அறிவை மறைத்து வைத்தாரிலர். ஆயினும் நூலின் முகப்பில் கேட்டவர் பெயர் நின்றது. விடை சொன்னவருள் பலர் பெயர் முன்னுரையின் மூலையில் ஒதுங்கிற்று. சிலர் பெயர் அங்கும் இல்லை. அவர்களையும் நினைத்தல் நன்றியுடையோர் கடமை.

பெங்களூரில் இன்று தமிழ் பேசும் சிறுவர் பலர் தமிழ் எழுதப் படிக்கக் கற்றிலர். கன்னடத்தைப் பள்ளியில் படித்தும், அது தம் தாய்மொழியின் உடன்பிறப்பு என்று அறிந்திலர். இரண்டு செல்வங்களுக்கு நடுவே நின்று ஒன்றையும் எடுத்துக் கொள்ளாத நிலை இது. கன்னட எழுத்தறிந்த நம் சிறுவனுக்குத் தமிழ் எழுத்து நெடுந்தொலைவில் இல்லை. பாலையும் ஹாலையும் ஒரே பலகையில் எழுதிக் காட்டினால், அவன் அறிந்த கன்னடமே தமிழுக்குப் படிக்கட்டாகும். அங்ஙனமே தமிழறிந்த முதியோர்க்குத் தமிழ் கன்னடத்துக்குப் படிக்கட்டாகும்.

இவ்வழி புதிதன்று. மாஸ்தி வெங்கடேச ஐயங்காரும், பி. எம். ஸ்ரீகண்டையாவும், நாடக ஆசிரியர் கைலாசமும் வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர்கள். கன்னட இலக்கியத்துக்குப் பெருந்தொண்டு புரிந்தவர்கள். மாஸ்திக்கு 1983-ஆம் ஆண்டின் ஞானபீடப் பரிசு கிடைத்தது. கன்னடம் கற்றதனால் அவர்தம் வீட்டுத் தமிழ் குறைந்துவிடவில்லை. தமிழ் வீட்டில் பிறந்ததனால் அவர்தம் கன்னடமும் குன்றிவிடவில்லை.

ஆதலின் இவ்வாண்டு விழா நாளில் நம் அன்பர்கள் முன் சிறு வேண்டுகோள் ஒன்றை வைக்கின்றோம். பொருள் விளங்காத ஒரு தமிழ்ச் சொல்லை அடுத்த வீட்டுக் கன்னடப் பெரியவரிடம் சொல்லி, அதற்கு நேரான சொல் அவர் மொழியில் உண்டா என்று கேளுங்கள். அவர் ஒரு சொல்லுக்கு விளக்கம் கேட்டால் அமர்ந்து பேசுங்கள். தெரியாதபோது தெரியாது என்று சொல்லி, இருவருமாக அகராதியைத் திறவுங்கள். சிறுவர் வினவும்போது அருகே இருத்தி விடை கூறுங்கள். விடை தெரியாவிடின் அவர்களோடு சேர்ந்து தேடுங்கள். நன்னூலார் சொன்ன காற்பங்கு, நம் தெருவில், நம் வாயிற்படிக்கு எதிரிலேயே நமக்காகக் காத்திருக்கின்றது. சென்று கேட்டுப் பெறுவோமாக.